நேரங்குறித்த பணிகளில் பாதை மாறிச் சிக்கல்

நேரங்குறித்த பணிகளில் பாதை மாறிச் சிக்கல் என்பது, முனையத்தில் கையால் இயக்கும்போது சரியாக இயங்கும் ஒரு கட்டளை, கிரான் போன்ற நேரத்திட்டச் செயலியின் வழியே தானாக இயங்கும்போது மட்டும் தவறிவிடும் நிலையைக் குறிக்கும். கட்டளையில் பிழை இல்லாதபோதும், அது இயங்கும் சூழல் வேறாக இருப்பதே இதற்குக் காரணம் ஆகும். யுனிக்ஸ், லினக்ஸ், மேக், விண்டோசு ஆகிய அனைத்து இயங்குதளங்களிலும் இச்சிக்கல் காணப்படுகின்றது. தரவுத்தளங்களின் காப்புநகல் போன்ற முதன்மையான பணிகள் இரவு நேரத்தில் ஆளின்றி நடைபெறுவதால், தவறு நிகழ்ந்தது பல மாதங்கள் கழித்தே தெரியவரக்கூடும்.

இக்கட்டுரையில் கட்டளைகள், அடைவுகள் ஆகியவற்றின் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே உள்ளிடவேண்டும்.

பொருளடக்கம்
1 பாதை மாறி
2 கிரானின் வரலாறு
3 சிக்கல் தோன்றும் விதம்
4 ஓர் எடுத்துக்காட்டு
5 கண்டறியும் முறை
6 தீர்வுகள்
7 தமிழ்க் கோப்புகளும் மொழிச்சூழலும்
8 நேர வலயம்
9 பிற இயங்குதளங்கள்
10 கிட்லேப் நிகழ்வு, 2017
11 இவற்றையும் பார்க்க

பாதை மாறி

ஒரு கணினியில் ஆயிரக்கணக்கான நிரல்கள் வெவ்வேறு அடைவுகளில் வைக்கப்பட்டிருக்கும். பயனர் ஒரு நிரலின் பெயரை மட்டும் தட்டச்சு செய்தால், அதை எந்த அடைவில் தேடுவது என்பதைக் கணினி அறிந்திருக்கவேண்டும். இதற்கான அடைவுகளின் பட்டியலை வைத்திருப்பதே பாத் எனப்படும் பாதை மாறி ஆகும். இப்பட்டியலில் அடைவுகள் முக்காற்புள்ளியால் ( : ) பிரிக்கப்பட்டிருக்கும். விண்டோசில் அரைப்புள்ளி ( ; ) பயன்படுகின்றது. ஷெல் எனப்படும் கட்டளை ஏற்பி, பட்டியலின் இடப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு அடைவாகத் தேடி, முதலில் கிடைக்கும் நிரலை இயக்குகின்றது. எந்த அடைவிலும் கிடைக்காவிடில் 'கட்டளை காணப்படவில்லை' என்னும் பொருள்படும் செய்தியைத் தந்து, 127 என்ற வெளியேற்ற எண்ணுடன் நின்றுவிடுகின்றது. கோப்பு கிடைத்தும் அதை இயக்க இசைவு இல்லையெனில் அந்த எண் 126 ஆக இருக்கும்.

பாதை மாறியானது சூழல் மாறிகள் எனப்படும் தொகுதியைச் சேர்ந்தது. பயனரின் வீட்டு அடைவு, மொழி, நேர வலயம் போன்றவையும் இத்தகைய மாறிகளில் வைக்கப்படுகின்றன. ஒரு செயலி மற்றொரு செயலியைத் தோற்றுவிக்கும்போது, தன் சூழல் மாறிகளின் படியொன்றை அதற்கு வழங்குகின்றது. எனவே ஒரு நிரலின் சூழல் எப்படிப்பட்டது என்பது அதைத் தோற்றுவித்தது எது என்பதைப் பொறுத்தது. இந்தக் கட்டுரை விளக்கும் சிக்கல் முழுவதும் இவ்வொரு விதியிலிருந்தே பிறக்கின்றது.

கிரானின் வரலாறு

பெல் ஆய்வகத்திலிருந்து 1979 ஆம் ஆண்டு வெளிவந்த யுனிக்ஸ் 7 ஆம் பதிப்பில் கிரான் இடம்பெற்றிருந்தது. அதே பதிப்பில்தான் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லும் சூழல் மாறிகளும் அறிமுகமாயின. அக்காலக் கிரான், கணினி முழுமைக்கும் பொதுவான ஒரே அட்டவணைக் கோப்பைப் படித்து இயங்கியது. ஒவ்வொரு பயனருக்கும் தனி அட்டவணை என்ற வசதி பின்னர் வந்தது.

1987 ஆம் ஆண்டு பால் விக்சி என்பவர் எழுதிய கிரான், கட்டற்ற யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. அட்டவணையிலேயே சூழல் மாறிகளைக் குறிப்பிடும் வசதியை அது கொண்டிருந்தது. ரெட் ஹேட் நிறுவனம் 2007 ஆம் ஆண்டு அதிலிருந்து குரோனி என்னும் கிளையை உருவாக்கியது. இன்றும் பெரும்பாலான லினக்ஸ் வழங்கிகளில் இவ்விரண்டின் வழித்தோன்றல்களே இயங்குகின்றன.

கிரான் அட்டவணை கிரான்டேப் எனப்படும். அதன் ஒவ்வொரு வரியிலும் நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை ஆகிய 5 புலங்களும் அவற்றையடுத்து இயக்கவேண்டிய கட்டளையும் இருக்கும். 30 2 * * * என்று தொடங்கும் வரி, நாள்தோறும் அதிகாலை 2:30 மணிக்கு இயங்கவேண்டும் என்பதைக் குறிக்கும்.

சிக்கல் தோன்றும் விதம்

ஒரு பயனர் கணினியில் புகுபதிகை செய்யும்போது, ஷெல் அவருடைய தொடக்கக் கோப்புகளைப் படிக்கின்றது. பேஷ் என்னும் ஷெல்லில் இவை .பேஷ்-புரொஃபைல், .பேஷ்ஆர்சி முதலிய பெயர்களில் உள்ளன. நிரல்களை நிறுவும்போது, அவற்றின் அடைவைப் பாதை மாறியில் சேர்க்கும் வரிகள் பெரும்பாலும் இக்கோப்புகளிலேயே எழுதப்படுகின்றன.

கிரான் எவரும் புகுபதிகை செய்து தொடங்கும் செயலி அன்று. கணினி இயங்கத் தொடங்கும்போதே அது பின்னணியில் தொடங்கிவிடுகின்றது. குறித்த நேரம் வந்ததும், உரிய பயனரின் பெயரில் எஸ்ஹெச் என்னும் எளிய ஷெல்லைத் தோற்றுவித்துக் கட்டளையை ஒப்படைக்கின்றது. பயனரின் தொடக்கக் கோப்புகள் அங்கே படிக்கப்படுவதில்லை. டெபியன் போன்றவற்றில் கிரான் வழங்கும் பாதை மாறியில் /யூஎஸ்ஆர்/பின், /பின் ஆகிய இரண்டு அடைவுகள் மட்டுமே உள்ளன. இவற்றுக்கு வெளியே உள்ள எந்த நிரலும் பெயரால் மட்டும் அழைக்கப்பட்டால் கிடைக்காது.

இவ்வாறு சுருக்கமான பாதையை வழங்குவதில் பாதுகாப்பும் உண்டு. முதன்மைப் பயனரின் பெயரில் இயங்கும் பணியொன்றின் பாதை மாறியில், எவரும் எழுதக்கூடிய ஓர் அடைவு முன்னே இருப்பதாகக் கொள்வோம். தீய எண்ணம் கொண்ட ஒருவர் அதே பெயரில் வேறு நிரலை அவ்வடைவில் வைத்தால், அது முழு அதிகாரத்துடன் இயங்கிவிடும்.

பாதை மாறியைத் தவிரப் பின்வருவனவும் கிரானில் வேறுபடுகின்றன.

* ஷெல்: பேஷுக்கு மட்டுமே உரிய தொடர்கள் எஸ்ஹெச்சில் இயங்கா. உபுண்டுவில் 2006 முதலும் டெபியனில் 2011 முதலும் எஸ்ஹெச் என்பது டேஷ் என்னும் சிறிய ஷெல்லைக் குறிக்கின்றது.
* நடப்பு அடைவு: பணி பயனரின் வீட்டு அடைவிலிருந்து தொடங்கும். ஸ்கிரிப்டு இருக்கும் அடைவிலிருந்து தொடங்காது.
* விழுக்காட்டுக் குறி: அட்டவணை வரியில் % குறி வந்தால், கிரான் அதைப் புதிய வரியாக மாற்றிவிடும். தேதியைக் கோப்பின் பெயரில் சேர்ப்பவர்கள் இதனால் இடர்ப்படுவர். அக்குறிக்கு முன் \ குறி இடுவது தீர்வாகும்.
* கோப்பின் பெயர்: டெபியனில் நாள்தோறும் இயங்கும் ஸ்கிரிப்டுகளுக்கான பொது அடைவில், புள்ளியுடன் கூடிய பெயர்கள் இயல்பாகப் புறக்கணிக்கப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

பொள்ளாச்சியில் தேங்காய்க் கொள்முதல் செய்யும் மண்டி ஒன்று, தன் கணக்குகளைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைத்திருப்பதாகக் கொள்வோம். எந்தத் தோப்புக்காரரிடம் எத்தனை காய் வாங்கப்பட்டது, எவ்வளவு முன்பணம் தரப்பட்டது, எவ்வளவு பாக்கி என்பன அதில் உள்ளன. தரவுத்தள மென்பொருள் மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவப்பட்டது. எனவே அதன் நிரல்கள் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பீஜிஎஸ்க்யூஎல்/பின் என்னும் அடைவில் இருக்கின்றன. இந்த அடைவு .பேஷ்ஆர்சி கோப்பின் வழியே பாதை மாறியில் சேர்க்கப்பட்டுள்ளது.

நிர்வாகி பின்வரும் பணியைக் கிரான்டேபில் இடுகின்றார்: அதிகாலை 2:30 மணிக்குப் பீஜி_டம்ப் என்னும் நிரல் இயங்கி, அதன் வெளியீடு அன்றைய தேதியிட்ட கோப்பில் சேரவேண்டும். முனையத்தில் இயக்கிப் பார்த்தபோது சரியாக வேலை செய்தது. மறுநாள் காலையில் அன்றைய தேதியிட்ட கோப்பு ஒன்று இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. காப்புநகல் நடைபெறுகின்றது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

உண்மையில் அக்கோப்புகளின் அளவு 0 பைட்டு ஆகும். வெளியீட்டைக் கோப்புக்குத் திசைதிருப்பும் > குறியை ஷெல் முதலில் கவனிக்கின்றது. வெற்றுக் கோப்பை உருவாக்கிய பின்னரே கட்டளையைத் தேடத் தொடங்குகின்றது. கட்டளை கிடைக்காவிட்டாலும் கோப்பு உருவாகிவிட்டிருக்கும்.

வெளியீட்டை ஜீசிப் நிரலுக்குக் குழாய் வழியே அனுப்பிச் சுருக்கினால் ஏமாற்றம் இன்னும் கூடும். ஒன்றுமில்லாத உள்ளீட்டையும் ஜீசிப் முறையாகச் சுருக்கி 20 பைட்டு அளவுள்ள கோப்பைத் தரும். குழாய்த் தொடரின் வெளியேற்ற எண் இயல்பாக அதன் கடைசிக் கட்டளையின் எண்ணே ஆகும். ஆகவே முதற்கட்டளை 127 உடன் தோற்றாலும், தொடர் முழுவதும் 0, அதாவது வெற்றி, என்றே பதிவாகும். வன்தட்டு பழுதாகும் நாளில், மண்டியின் கையில் இருப்பது தேதிகள் மட்டுமே கொண்ட கோப்புகளாக இருக்கும்.

கண்டறியும் முறை

பின்வரும் வரிசையில் ஆராய்ந்தால் காரணம் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

1. பணி தொடங்கியதா என்று பார்த்தல். டெபியன் வகையில் பொதுப் பதிவேட்டிலும், ரெட் ஹேட் வகையில் கிரானுக்கென உள்ள தனிப் பதிவேட்டிலும் ஒவ்வொரு பணியும் தொடங்கிய நேரம் பதிவாகின்றது. அங்கே வரி இல்லையெனில் சிக்கல் அட்டவணையில் உள்ளது. வரி இருந்தால் பணி தொடங்கியது என்று மட்டுமே பொருள். அது வெற்றிபெற்றது என்பதற்கு அது சான்று ஆகாது.

2. பிழைச்செய்தியைப் பிடித்தல். கிரான், பணியின் வெளியீட்டையும் பிழைச்செய்தியையும் பயனருக்கு மின்னஞ்சலாக அனுப்ப முயலும். அஞ்சல் அனுப்பும் மென்பொருள் கணினியில் நிறுவப்படாதிருந்தால் அச்செய்தி தொலைந்துபோகும். எனவே பிழைச்செய்தியை ஒரு கோப்புக்குத் திருப்புவது நலம். கட்டளையின் இறுதியில் >> குறியுடன் பதிவுக் கோப்பின் பெயரையும் அதையடுத்து 2>&1 என்பதையும் சேர்த்தால் இரண்டும் அக்கோப்பில் சேரும். எடுத்துக்காட்டில் உள்ளதுபோல வெளியீடே காப்புநகலாக இருக்கும்போது இரண்டையும் கலக்கக்கூடாது. அங்கே 2>> என்பதைக் கொண்டு பிழைச்செய்தியை மட்டும் தனிக் கோப்புக்குத் திருப்பவேண்டும்.

3. கிரானின் சூழலை நேரில் காணுதல். * * * * * என்று தொடங்கும் தற்காலிக வரியொன்றில் என்வ் கட்டளையை இட்டு, அதன் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமிக்கவேண்டும். ஒரு நிமிடத்தில் கிரானின் சூழல் மாறிகள் முழுவதும் அதில் கிடைக்கும். முனையத்தில் அதே கட்டளையை இயக்கி இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். பின்னர் அத்தற்காலிக வரியை நீக்கிவிடவேண்டும்.

4. அச்சூழலை முனையத்தில் போலச்செய்தல். என்வ் கட்டளைக்கு -ஐ என்னும் விருப்பை அளித்தால் எல்லா மாறிகளும் நீங்கிய வெறுஞ்சூழல் கிடைக்கும். அதில் வீட்டு அடைவையும் இரண்டு அடைவுகள் கொண்ட பாதை மாறியையும் மட்டும் சேர்த்து எஸ்ஹெச் வழியே ஸ்கிரிப்டை இயக்கினால், அதிகாலை 2:30 வரை காத்திராமல் அப்பொழுதே பிழையைக் காணலாம்.

தீர்வுகள்

முழுப் பாதையைக் குறிப்பிடுதல். நிரலின் பெயருக்கு முன் அதன் அடைவையும் எழுதினால் பாதை மாறியின் தேவையே எழாது. நிரல் எங்கே உள்ளது என்பதை முனையத்தில் விச் கட்டளையால் அறியலாம். எனினும், அழைக்கப்படும் நிரல் தானும் வேறொரு நிரலைப் பெயரால் மட்டும் அழைக்குமாயின் இத்தீர்வு போதாது.

ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் பாதை மாறியை அமைத்தல். இதுவே மிகவும் உறுதியான முறை எனலாம். ஸ்கிரிப்டு கிரானில் இயங்கினாலும் முனையத்தில் இயங்கினாலும் ஒரே பாதையைப் பெறும். வேறு கணினிக்கு மாற்றும்போது திருத்தவேண்டிய இடமும் ஒன்றே.

கிரான்டேபின் முதல்வரிகளில் பாதை மாறியை அமைத்தல். அதன் கீழுள்ள எல்லாப் பணிகளுக்கும் இது பொருந்தும். இங்கு ஒரு பொதுவான பிழையைத் தவிர்க்கவேண்டும். ஷெல்லில் செய்வதுபோல, பழைய பாதையுடன் புதிய அடைவைச் சேர்க்கும் நோக்கில் $ குறியுடன் மாறியின் பெயரை எழுதினால் கிரான் அதை விரிக்காது. அவ்வெழுத்துகளையே அடைவின் பெயராகக் கொள்ளும். எனவே எல்லா அடைவுகளையும் முழுமையாக எழுதவேண்டும்.

.பேஷ்ஆர்சி கோப்பைக் கிரானில் படிக்கச் செய்தல். பலரும் முதலில் முயலும் இவ்வழி பெரும்பாலும் பயன் தருவதில்லை. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இக்கோப்பின் தொடக்கத்திலேயே, ஷெல்லை மனிதர் எவரும் நேரடியாகப் பயன்படுத்தவில்லையெனில் அத்துடன் நின்றுவிடவேண்டும் என்ற வரி உள்ளது. அதற்குக் கீழே எழுதியவை படிக்கப்படா.

பைத்தான் மெய்நிகர் சூழல். பைத்தானில் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிச் சூழல் அமைப்பது வழக்கம். கிரானில் அச்சூழலைச் செயற்படுத்த முயல்வதைவிட, அதன் பின் அடைவில் உள்ள பைத்தானை முழுப் பாதையுடன் அழைப்பது எளிது. அதற்குரிய நிரல்தொகுப்புகளை அதுவே அறிந்துகொள்ளும்.

இவற்றுடன், வேலை முடிந்ததைச் சோதிக்கும் வரிகளையும் ஸ்கிரிப்டில் சேர்க்கவேண்டும். பேஷில் பைப்ஃபெயில் என்னும் விருப்பை இயக்கினால், குழாய்த் தொடரின் நடுவே நிகழும் தோல்வியும் வெளியேற்ற எண்ணில் தெரியும். கோப்பின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் எச்சரிக்கை அனுப்பலாம். எல்லாவற்றையும்விட நம்பகமானது, காப்புநகலை அவ்வப்போது வேறொரு கணினியில் மீட்டுப்பார்ப்பதாகும்.

தமிழ்க் கோப்புகளும் மொழிச்சூழலும்

பாதை மாறிக்கு நேர்வது மொழிக்குரிய மாறிகளுக்கும் நேர்கின்றது. முனையத்தில் லேங் என்னும் மாறி, எழுத்துகள் யூடிஎஃப்-8 முறையில் குறியேற்றப்பட்டுள்ளன என்று நிரல்களுக்குத் தெரிவிக்கின்றது. கிரானில் இம்மாறி இல்லாவிடில், நிரல்கள் சி எனப்படும் அடிப்படை மொழிச்சூழலில் இயங்கும். அச்சூழல் ஆங்கில எழுத்துகளை மட்டும் கொண்ட, 128 குறிகளுடைய ஆஸ்கி முறையை அடிப்படையாகக் கொண்டது.

தமிழ் எழுத்துகள் ஒருங்குறியில் தனித்தொகுதியாக உள்ளன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் தேவைப்படுகின்றன. இவற்றை ஆஸ்கியில் எழுத இயலாது. ஆகவே தோப்புக்காரர்களின் பெயர்களைத் தமிழில் அச்சிடும் ஸ்கிரிப்டு முனையத்தில் ஒழுங்காக இயங்கி, கிரானில் குறியேற்றப் பிழையுடன் நின்றுவிடக்கூடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இப்பிழை தோன்றுவதே இல்லை. தமிழில் பணிபுரிவோரே இதை முதலில் சந்திக்கின்றனர்.

2018 ஆம் ஆண்டு வெளியான பைத்தான் 3.7 பதிப்பு, சி மொழிச்சூழலைக் கண்டால் இயன்றவரை யூடிஎஃப்-8 முறைக்குத் தானே மாறிக்கொள்கின்றது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் பிற நிரல்களுக்கும், ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் லேங் மாறியைச் சி.யூடிஎஃப்-8 என்றோ கணினியில் நிறுவப்பட்டுள்ள தமிழ் மொழிச்சூழலின் பெயராகவோ அமைப்பது தீர்வாகும்.

நேர வலயம்

வழங்கிகள் பல ஒருங்கிணைந்த உலக நேரத்தில் இயங்குகின்றன. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே உள்ளது. ஆகவே இந்தியாவில் அதிகாலை 2:30 மணிக்கு இயங்கவேண்டிய பணியை, அத்தகைய வழங்கியில் முந்தைய நாள் இரவு 21:00 மணி என்று குறிக்கவேண்டும். கோப்பின் பெயரில் இடப்படும் தேதியும் முந்தைய நாளினதாக இருக்கும். கிழமையைக் குறிக்கும் புலத்தையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். குறித்த நேரத்தில் பணி 'இயங்கவில்லை' என்ற முறையீடுகளில் சில, வேறு நேரத்தில் இயங்கியவையே ஆகும்.

பிற இயங்குதளங்கள்

சிஸ்டம்டி: 2010 ஆம் ஆண்டு முதல் வெளிவந்த இத்தொகுப்பின் டைமர் வசதி பல லினக்ஸ் வழங்கிகளில் கிரானுக்கு மாற்றாகப் பயன்படுகின்றது. இது கட்டளைகளை ஷெல்லின் வழியே இயக்குவதில்லை. ஆகவே குழாய், திசைதிருப்பல் ஆகியவற்றை நேரடியாக எழுத இயலாது. சூழல் மாறிகளை அலகுக் கோப்பில் வெளிப்படையாகக் குறிப்பிடலாம். பிழைச்செய்திகள் இயல்பாகவே பதிவேட்டில் சேர்வது இதன் சிறப்பு ஆகும்.

மேக்: 2005 ஆம் ஆண்டு டைகர் பதிப்புடன் அறிமுகமான லாஞ்ச்டி இப்பணியைச் செய்கின்றது. ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் ஹோம்புரூ வழியே நிறுவப்படும் நிரல்கள் /ஆப்ட்/ஹோம்புரூ/பின் அடைவில் இருப்பதால், லாஞ்ச்டியின் இயல்பான பாதையில் அவை கிடைப்பதில்லை.

விண்டோசு: பணி அட்டவணை நிரலில், தொடங்கும் அடைவு குறிப்பிடப்படாவிட்டால் பணி சிஸ்டம்32 அடைவிலிருந்து தொடங்கும். பயனர் தம் அமர்வில் எழுத்திட்டு இணைத்துக்கொண்ட வலைய இயக்ககங்கள், அவர் புகுபதிகை செய்யாதபோது இயங்கும் பணிக்குத் தென்படா. \\ குறியுடன் தொடங்கும் முழு வலையப் பாதையைத் தருவது தீர்வாகும். கடைசி இயக்க முடிவாக எண் 2 காட்டப்பட்டால், கோப்பு காணப்படவில்லை என்பது அதன் பொதுவான பொருள்.

கிட்லேப் நிகழ்வு, 2017

இவ்வகைத் தவறின் விளைவுக்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட சான்று கிட்லேப் இணையத்தளத்தில் நிகழ்ந்த தரவு இழப்பு ஆகும். 2017 சனவரி 31 அன்று, பொறியாளர் ஒருவர் துணைத் தரவுத்தள வழங்கியில் நீக்கவேண்டிய அடைவை, தவறுதலாக முதன்மை வழங்கியில் நீக்கிவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட்டு தரவில் 4.5 கிகாபைட்டு அளவே எஞ்சியது.

நாள்தோறும் எடுக்கப்பட்டதாகக் கருதப்பட்ட காப்புநகல்களைத் தேடியபோது, அவை வைக்கப்பட்டிருக்கவேண்டிய அமேசான் எஸ்3 சேமிப்பிடம் வெறுமையாக இருந்தது. அத்தளத்தின் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு ஆகும். ஆனால் காப்புநகல் பணி இயங்கிய வழங்கியில் தரவுத்தளத்தின் அடைவு இல்லை. அவ்வடைவைப் பார்த்தே பதிப்பைத் தீர்மானிக்கும் இடைநிலை ஸ்கிரிப்டு, அது கிடைக்காததால் 9.2 பதிப்பின் பீஜி_டம்ப் நிரலைத் தேர்ந்தெடுத்தது. பதிப்புகள் பொருந்தாமையால் நிரல் பிழையுடன் நின்றது. இங்குக் காரணம் பாதை மாறி அன்று. எனினும், ஒரே பெயருள்ள கட்டளை இயங்கும் இடத்தைப் பொறுத்து வேறு நிரலாக மாறியது என்பதால் இது அச்சிக்கலின் நெருங்கிய உறவே ஆகும்.

தோல்வியைத் தெரிவிக்கக் கிரான் பணிகளிலிருந்து மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டே வந்தன. ஆனால் அவற்றில் அனுப்புநர் சரிபார்ப்புக்கான அமைப்பு செய்யப்படாததால், பெறும் வழங்கி அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே எவரும் அவற்றைக் காணவில்லை. இழப்புக்கு ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன், வேறொரு சோதனைக்காகத் தற்செயலாகக் கையால் எடுக்கப்பட்ட வட்டுப் படிமம் ஒன்றிலிருந்தே தளம் மீட்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 புதிய பயனர் கணக்குகள் ஆகியவை பாதிக்கப்பட்டன. நிறுவனமே இந்நிகழ்வின் முழு விவரத்தையும் பொதுவில் வெளியிட்டது.

இந்நிகழ்வுக்குப் பின், தோல்வி நேர்ந்தால் செய்தி அனுப்பும் முறையை மட்டும் நம்பக்கூடாது என்னும் கருத்து வலுப்பெற்றது. வெற்றி பெற்ற ஒவ்வொரு முறையும் பணி ஒரு சமிக்ஞையை வேறொரு கணினிக்கு அனுப்பவேண்டும். குறித்த நேரத்துக்குள் சமிக்ஞை வராவிடில் அக்கணினி எச்சரிக்கை எழுப்பவேண்டும். இம்முறையில் கட்டளை காணப்படாமை, அஞ்சல் தவறுதல், கிரானே நின்றுபோதல், கணினி அணைந்திருத்தல் ஆகிய எல்லாமே ஒரே வகையில் வெளிப்பட்டுவிடும்.

இவற்றையும் பார்க்க

* யுனிக்ஸ்
* லினக்ஸ்
* கட்டற்ற மென்பொருள்
* ஒருங்குறி
* தரவுத்தளம்
* ஒருங்கிணைந்த உலக நேரம்